குளம்படிக்கு உடைத்த தேங்காய்

பட்டாம்பிக்குப் போகும் பஸ்ஸில் டாக்டர் சௌதாமினி ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "நான்தான் குளம்படி." அவ்வளவுதான். குறுக்கே திரும்பிக் கிடக்கும் கன்றைத் தாயின் வயிற்றுக்குள்ளேயே நேராக்கும்போது நடுங்காத கை, அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை உரத்தே சொல்லிவிட்டாள் போலும். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

'தொழுத்து', அதாவது மாட்டுக்கொட்டில், என்ற வலைப்பூவை அவள் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாட்டாஸ்பத்திரியில் பகலெல்லாம் பார்த்ததை எழுதுவாள்: பால்காரியின் சண்டை, கோயில் காளையின் பல்வலி, வயலுக்குள் ஓடிப் பார்த்த பிரசவங்கள். புனைபெயர் குளம்படி; மாட்டின் குளம்பு தரையில் விழும் சத்தம். முதல் பதிவு வெளியான சற்று நேரத்திலேயே, பருப்புவடை என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவன் வந்து முதல் பின்னூட்டமாகத் தேங்காய் உடைத்தான். அது மலையாளப் பதிவர்களுக்குள் அன்று இருந்த வழக்கம். புதுப் பதிவுக்கு முதலில் வந்து சேருகிறவன், அடைப்புக்குறிகளுக்கு நடுவே தேங்காய் வெடிக்கும் சத்தத்தை எழுத்தாக அடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். பருப்புவடையும் அப்படியே அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தான்: "சேட்டா, தூள்! ஆனா நாலாவது பத்தி நொண்டுது."

ஆணை அண்ணா என்று அழைக்கும் அந்தச் 'சேட்டா'வை அவள் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதற்குக் காரணம் கூச்சம் அல்ல. மற்றப் பெண்களின் வலைப்பூக்களில் வரும் பின்னூட்டங்களை அவள் படித்திருந்தாள். "அருமை சகோதரி." "மனதைத் தொட்டது சேச்சி." "படம் மாற்றிவிட்டீர்களா?" அவர்களுடைய எந்தப் பத்தி நொண்டுகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. குளம்படிச் சேட்டனுக்கோ வாசகர்கள் இருந்தார்கள். அவன் வாக்கியங்களுக்குக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், வாதாடினார்கள், திட்டினார்கள். அவளும் திருப்பிக் கொடுத்தாள். பருப்புவடை குறை சொல்லும்போதெல்லாம் "வடே, எண்ணெயில் கிட!" என்று அவள் எழுதும் பதில் பதிவுலகில் ஒரு வசனமாகவே பரவிவிட்டிருந்தது. ஒரு பிரதியைப் படிக்கத் தகுந்ததாக மதிப்பது என்பது அதனோடு மல்லுக்கு நிற்பதுதான் என்று அவளுக்குத் தோன்றும். அந்த மதிப்பை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில், ஈன்ற மாட்டைப் பார்க்கப் போகையில் கட்டிக்கொள்ளும் ரப்பர் அங்கியைப் போல அந்தச் சேட்டனையும் அவள் மாட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது பதிவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். சந்திப்பை ஒட்டி ஒரு மலர் அச்சாகிறது. அதன் முதல் படைப்பு குளம்படியின் 'கிணற்றில் ஓர் எருமை'. திரையில் யாராக இருந்தாலும் சரி, காகிதத்தில் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்று அதைக் கேள்விப்பட்ட கணத்தில் சௌதாமினிக்குத் தோன்றிவிட்டது. மின்னஞ்சலில் சொல்ல இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் அழித்துவிட்டாள். சில விஷயங்களை ஆள் போய் நின்றுதான் சொல்ல முடியும்.

ஆற்றை ஒட்டிய நூலகக் கூடத்தின் வாசலில் ஒரே அமளி. மூன்று குழந்தைகள் மேலே தொற்றிக்கொண்டிருக்க, ஒரு பருத்த மனிதர் 'தனிமையின் அரசன்' என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். வங்கி மேலாளர் ஒருவர் "தும்பீ!" என்று யாரோ கூப்பிட்டதும் அத்தனை நரையோடும் துள்ளித் திரும்பினார். பதிவு மேஜையில் 'மஞ்சாடி' என்ற அட்டையோடு ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சேச்சி. முதல்ல மலரைப் பிடிங்க, அப்புறம் பேரு. அட்டையைப் பிரிச்சதும் முதல் பக்கத்தைப் பாருங்க. பெரிய செய்தி! குளம்படிச் சேட்டன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம்."

சௌதாமினி பிரித்தாள். 'கிணற்றில் ஓர் எருமை.' அதன் கீழே: குளம்படி (டாக்டர் அச்சுதக் குறுப்பு).

குறுப்பு சார் அவள் ஆஸ்பத்திரியின் மூத்த மருத்துவர்.

"எப்படி... கண்டுபிடிச்சீங்க?"

"பருப்புவடைச் சேட்டனோட துப்பறியும் வேலை. பதிவுகள்ல ஒரு ரயில் கேட் வருதில்ல? இடிஞ்ச பாலம், ஆஸ்பத்திரி வாசல்ல புளியமரம்? எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஊரைப் பிடிச்சிட்டார். போன் போட்டு விசாரிச்சா அங்க ரெண்டே டாக்டர். ஒருத்தர் குறுப்பு சார். இன்னொருத்தர் லேடி டாக்டர். அப்புறம் என்ன, முடிஞ்சுது."

"லேடி டாக்டரா இருக்கக் கூடாதா?"

மஞ்சாடி வாய்விட்டுச் சிரித்தாள். "சேச்சி அந்தப் பதிவெல்லாம் படிச்சதே இல்லையா? தோள் வரைக்கும் கையை விடறதும், கிணத்துக்குள்ள இறங்கறதும்... அது சேட்டன்தான் சேச்சி. சரி, நீங்க எந்தப் பேர்ல எழுதறீங்க?"

பஸ்ஸில் அத்தனை தூரம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையிலேயே குறுக்கே திரும்பிக்கொண்டது. "நான்... படிக்கறதோட சரி," என்றாள். மஞ்சாடி அட்டையில் 'வாசகி' என்று எழுதிக் கொடுத்தாள்.

கூடத்துக்குள் முன்வரிசையில், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை முண்டும் மேல்முண்டுமாக அச்சுதக் குறுப்பு அமர்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, சௌதாமினி! நீயும் வந்துட்டியா? எனக்கு மரியாதை பண்றாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

"சார், உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"எதுக்கா? எழுத்துக்கு! போன்ல ஒரு பையன், 'சார், நீங்க எழுதறது எல்லாத்தையும் நாங்க விடாம படிக்கிறோம், இனிமே ஒளிஞ்சுக்க முடியாது'ன்னான். மடிவீக்கத்தைப் பத்தி விவசாய மாசப் பத்திரிகையில தொடர்ந்து எழுதிட்டு வரேனே, அதை யாருமே படிக்கலைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! எவ்வளவு படிச்ச கூட்டம் பாரு."

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஆம்பளை டாக்டர் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம் எல்லாம், "ஏன், உங்க பசு கேட்டுச்சா?" என்று கேட்டுத் துரத்தியவர் இந்த மனிதர். அவர் தோளில் போடப்போகும் பொன்னாடையை நூறு பேர் முன்னால் எப்படி உருவுவது? சௌதாமினி போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் மலர் கனத்தது.

அறிமுகம் தொடங்கியது. ஒவ்வொருவராக மேடைக்கு வந்து முதலில் புனைபெயரைச் சொல்ல, கூடம் "ஓ!" என்று அலறியது. எழுத்தில் புலியாகப் பாய்கிறவர் ஒல்லியாக இருந்தார்; காதலைத் தவிர வேறொன்றும் எழுதாதவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரராக இருந்தார். ஒவ்வோர் அலறலிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. பெயர் ஒன்று திடீரென்று உடம்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் அது. அடுத்த அலறல் தனக்காக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது சௌதாமினியின் கண் கரித்தது.

"இப்ப நீங்க காத்திட்டிருந்த ஆளு!" என்று தலைமையாசிரியர் 'மின்மினி மாஷ்' ஒலிபெருக்கியில் முழங்கினார். "குளம்படி!"

விசில் பறந்தது. நெட்டையான, கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவன் எழுந்து நின்றான். கையில் நார் உரித்த ஒரு நிஜத் தேங்காய். "தோஹாவுல இருந்து லீவு போட்டு வந்திருக்கேன்," என்று கூவினான். "மூணு வருஷமா எழுத்துலயே உடைச்சாச்சு. இன்னிக்கு நிஜமாவே உடைக்கறேன். சேட்டன் வாயைத் திறக்கட்டும்!"

அவன்தான் பருப்புவடை என்று அட்டையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குறுப்பு வாயைத் திறந்தார். மடிவீக்கம் எத்தனை வகைப்படும், பால் கறக்கும் முன்னால் கையை எப்படிக் கழுவ வேண்டும், காம்பை எப்படித் துடைக்க வேண்டும் என்று விளக்கினார். கூடம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தது. "குளம்படி நக்கல்னா இதுதான்!" என்றார் தனிமையின் அரசன். காம்புத் துவாரத்தின் அமைப்புக்கு வந்தபோது சிரிப்பு மெலிந்தது. தேங்காய் தாழ்ந்தது.

சமாளிக்க நினைத்தவர் போல மின்மினி மாஷ் குறுக்கிட்டார். "சாரே, அந்த எருமைக் கிணத்துல இறங்கினப்போ பயமா இல்லையா?"

"எந்தக் கிணறு?" குறுப்பு யோசித்தார். "ஓ, அதுவா! நான் எங்கய்யா இறங்கினேன்? எனக்கு முழங்கால் வலி. மேல நின்னு கயிறு பிடிச்சேன். இறங்கி எருமை வயித்துல பெல்ட் மாட்டினது அவ. அதோ, கடைசி வரிசையில ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கால்ல, எங்க டாக்டர் சௌதாமினி!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அடுத்து எழுந்த முணுமுணுப்பு அவள் எதிர்பாராத பக்கம் போயிற்று.

"அப்போ அந்தம்மா அனுபவத்தை இவரு 'நான்'னு போட்டு எழுதிட்டாரா?"

"நல்ல சேட்டன்! இறங்கினது ஒருத்தி, பேரு வாங்கினது இன்னொருத்தர்."

பருப்புவடை தேங்காயைப் பையில் போட்டுப் பையின் வாயை இழுத்துக் கட்டினான். மேடையில் குறுப்பு, தாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விளங்காமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குமேல் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. நடைவழியில் அவள் வேகமாக நடந்தபோது வாசகி என்ற அட்டை சேலையில் படபடத்தது. மேடையேறி, குறுப்பின் பக்கத்தில் நின்றாள்.

"சாரை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அவர் யாரோட கதையையும் எடுக்கலை. நீங்க கூப்பிட்டீங்க, வந்தார். கிணத்துல இறங்கினது நான். எழுதினதும் நான். குளம்படி நான்தான்."

நடுவரிசையில் இருந்து ஒரு குரல் இழுத்தது: "அதை எப்படி நம்பறது சேச்சி?"

சௌதாமினி கட்டம் போட்ட சட்டையைத் தேடினாள்.

"வடே! 'எருமையைக் கயிறுதான் தூக்கியிருக்கணும், ஆனா உன் கதையில கயிறே இல்லை'ன்னு பின்னூட்டத்துல எழுதினியே. நாலு பேரு கயித்தைப் பிடிச்சிட்டு நின்னதை ரெண்டாவது பத்தியிலயே சொல்லியிருக்கேன். படிக்காம தேங்காய் உடைச்சா இப்படித்தான். எண்ணெயில கிட!"

கூரை அதிர்ந்தது. அந்த வசனத்தை அந்த வேகத்தில், அந்த எரிச்சலும் பாசமுமாகச் சொல்ல உலகத்தில் ஒருவரால்தான் முடியும் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பருப்புவடை வாய் பிளந்து நின்றான்.

"ஐயோ... சேட்டா!" என்றான். கூடம் மறுபடி வெடித்தது.

மஞ்சாடி ஓடிவந்து அவள் அட்டையைப் பிடுங்கினாள். "சேச்சி, என்னைக் கொன்னு போடுங்க. நானே சொன்னேனே, சேட்டன்தான்னு!" என்று சொல்லிப் புதிய அட்டையில் குளம்படி என்று எழுதிக் குத்திவிட்டாள். குறுப்பு, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டவராய், தம் கையிலிருந்த மலரைத் திறந்து தம் பெயரை அடித்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதுகிற அதே கோணல் எழுத்தில் அவள் பெயரை எழுதினார். "அசடே, ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லக் கூடாதா? என் ஆஸ்பத்திரியிலேயே இவ்வளவு பெரிய ஆளு இருக்கான்னு நானும் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன்ல?" என்று அவளைத் திட்டவும் செய்தார். அதற்குப்பின் ஆளாளுக்குத் தம் மலரை நீட்டினார்கள். தவறாக அச்சிட்ட பெயரை அவள் தன் கையாலேயே அடித்துத் தன் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதி எழுதி விரல் வலித்தது. அப்படி ஒரு வலிக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தோம் என்பது போல அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் மதியம், மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்புமாக இலைகள் வந்தபோது, அவள் பயந்தது நடந்தது.

"பெண்ணா இருந்தும் இவ்வளவு துணிச்சலா எழுதறீங்களே!" என்றார் தும்பி. "ஒவ்வொரு வரியும் முத்து சேச்சி," என்றார் தனிமையின் அரசன். போன மாதம்தான் அவர் அவளுடைய ஒரு பதிவை 'புண்ணாக்கு' என்று எழுதியிருந்தார். பருப்புவடை எதிரே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நிஜப் பெயர் ஈப்பன், தோஹாவில் வரைபடக்காரன் என்று தெரிந்தது.

"வா போன்னு எழுதினதுக்கெல்லாம் மன்னிக்கணும் சேச்சி. நீங்க எழுதறது எல்லாமே பிரமாதம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே சேச்சி."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் குறையே சொல்லவில்லை. பிசைந்த கிழங்கை அவள் இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள். பெயர் கிடைத்துவிட்டது; வாசகன் போய்விட்டான்.

பக்கத்து இலையில் குறுப்பு கிழங்கைப் பிசைந்தபடி மெல்லக் கேட்டார்: "அப்போ சௌதாமினி, என்னோட மடிவீக்கத்தை இங்க யாருமே படிச்சதில்ல?"

"நான் படிச்சிருக்கேன் சார். ஒண்ணு விடாம."

"எப்படி இருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். 'பிரமாதம் சார்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அது எவ்வளவு மலிவான வார்த்தை என்று அப்போதுதான் அவள் கேட்டு முடித்திருந்தாள்.

"முதல் பாதி நல்லா இருக்கு சார். பசு ஏன் உதைக்குதுன்னு எழுதின இடம் நான் எழுதியிருந்தா பெருமைப்படுவேன். ரெண்டாம் பாதி ஒரே இழுவை. மருந்து டப்பா மேல ஒட்டியிருக்கறதை அப்படியே காப்பி அடிச்ச மாதிரி."

குறுப்பின் கை இலையிலேயே நின்றது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "மருந்து டப்பாவையேதான் பார்த்து எழுதினேன்! எப்படிடி கண்டுபிடிச்சே?"

ஈப்பனும் சிரித்துவிட்டான். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. சௌதாமினி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீ சொல்லு. எருமைக் கதையோட கடைசிப் பத்தி?"

"சேச்சி, அது வந்து..."

"வடே!"

அவன் தவித்தான். இடமும் வலமும் பார்த்தான். பிறகு அணை உடைந்தது.

"சுத்த அறுவை! எருமை வெளிய வந்து உடம்பைச் சிலிர்த்து எல்லார் மேலயும் சேறடிச்சதோட கதை முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல, 'வாழ்க்கையும் ஒரு கிணறு'ன்னு எதுக்கு ஒரு பிரசங்கம்? பின்னூட்டத்துலயே அடிச்சிருப்பேன். அன்னிக்குக் கயித்தைப் பத்தி எழுதி முடிச்சதுமே நெட் போயிடுச்சு. கைக்குக் கிடைச்சிருந்தா அந்தப் பத்தியைப் பிய்ச்சு எறிஞ்சிருப்பேன்!"

"அது அவ்வளவு மோசமில்ல," என்றார் தும்பி.

"நீ சும்மா இரு தும்பீ, நீ எதையும் மோசம்னு சொன்னதில்ல," என்றான் ஈப்பன்.

"அவன் சொல்றது சரிதான்," என்றார் தனிமையின் அரசன். "சேச்சி, உண்மையைச் சொன்னா, அந்தக் கோயில் காளைப் பதிவும் புண்ணாக்குதான்."

இலைகளுக்கு மேலே வாதம் மூண்டது. குழம்பு ஆறியது. சௌதாமினி இரண்டாம் தடவை கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். திரையில் படித்தபோது தெரியாத ஒன்றை இப்போது அவள் கண்டாள்: குறை சொல்லும்போது ஈப்பனின் கண்கள் மின்னின. அந்தக் கடைசிப் பத்தி அவனுக்கு நிஜமாகவே வலித்திருந்தது. தன் வாக்கியம் ஒன்றுக்காகக் கடல் கடந்த ஓர் ஊரில் ஒரு மனிதன் வருத்தப்பட்டிருக்கிறான். இதைவிடப் பெரிய பொன்னாடையை எந்த மேடையும் போர்த்திவிட முடியாது என்று நினைத்தபோது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

பிற்பகலில், புதியவர்களுக்கு வலைப்பூ தொடங்கச் சொல்லித்தரும் வகுப்பு. மேடையில் ஒரு மடிக்கணினி. அதில் தெரிவது சுவரில் விரித்த வேட்டியில் பெரிதாக விழுந்தது. "உதாரணத்துக்கு ஒரு பதிவு போட்டுக் காட்ட யார் வர்றீங்க?" என்று மின்மினி மாஷ் கேட்டார். எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

சௌதாமினி தன் வலைப்பூவைத் திறந்தாள். ஈப்பன் தேங்காயோடு வாசற்படிக்கு ஓடினான். அங்கேதான் கருங்கல் இருந்தது. கூடம் வேட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தட்டத் தொடங்கினாள்.

'மூன்று வருஷமாக நீங்கள் சேட்டா என்று அழைத்துவந்த, உங்கள் அன்பாலும் வசவாலும் வளர்ந்த குளம்படி ஆகிய நான் உண்மையில்...'

"நொண்டுது!" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. "சேட்டா, நொண்டுது!"

"எண்ணெயில கிட!" என்று கூடம் முழுக்க ஒரே குரலில் திருப்பிக் கத்தியது.

அவள் சிரித்தாள். ஆனால் விரல்கள் நின்றன. வேட்டியில் பெரிதாகத் தொங்கிய வாக்கியத்தைப் பார்த்தாள். நொண்டத்தான் செய்தது. முழுவதையும் அழித்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் இப்போது எந்தக் குறுக்கும் இல்லாமல், தலை முதலில் நேராக, வெளியே வந்தது.

'நான்தான் குளம்படி. என் பெயர் சௌதாமினி.'

அவள் வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். அதே கணத்தில் வாசற்படிக் கருங்கல்லில், மூன்று வருஷமாக எழுத்தில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த சத்தம், ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்படி வெடித்தது.